ஆயில் எஞ்சினுக்குக் கருமாதி

பொன்னுரங்கத்தின் ஆயில் எஞ்சின் செத்துவிட்டது என்று முடிவெடுத்தவர்கள் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் ஊரில், கண்ணாடிக் கட்டடத்துக்குள், உலகப் பசுமை ஆற்றல் பேரவை என்ற பெரிய அமைப்பு கூடியது. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எல்லாவற்றையும் உலகத்தை விட்டே வழியனுப்பிவிட்டு, வெயிலையும் காற்றையும் வைத்து மனிதகுலம் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நல்ல தீர்மானம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. சிதம்பரத்துத் தெருவில் மே மாதத்து மத்தியானம் செருப்பில்லாமல் நடந்த யாரும் உலகம் சூடாகவில்லை என்று சாதிக்க மாட்டார்கள். ஆனால் தீர்மானம் மேலேயிருந்து கீழே இறங்கி வர வேண்டுமே. வருகிற வழியில் அது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த பேரவையின் மாவட்டக் கிளையில் கொஞ்ச காலம் தங்கிச் சாப்பிட்டு, உடம்பு போட்டு, ஆளே அடையாளம் தெரியாமல் மாறி, அப்புறம்தான் பொன்னுரங்கத்தின் கழனிக்கு வந்து சேர்ந்தது.

மாவட்டக் கிளையின் இயக்குநர் பெயர் இளவரசு. அண்ணாகிராமம் பக்கத்து முந்திரித் தோப்புக் குடும்பத்துப் பிள்ளை, படித்து மேலே வந்தவர், கெட்ட மனிதர் அல்ல. அவருடைய ஒரே பலவீனம், மைக்கைப் பார்த்தால் கை தானாக நீளும். அவர் அலுவலகத்தில் எந்தக் கூட்டமும் பசுமை உறுதிமொழி இல்லாமல் தொடங்காது. உறுதிமொழி எடுக்கும்போது சூரியனுக்கு மரியாதையாக விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவார்கள். ஏசியைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றும் சொல்லாததால் அது மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வருகிற விருந்தினருக்குப் பொன்னாடைக்குப் பதில் மரக்கன்று தருவார்கள். விருந்தினர்கள் அதை மறந்தாற்போல வைத்துவிட்டுப் போவதும், அது பின்கட்டில் காய்ந்து வரிசையில் நிற்பதும் வழக்கம். இயக்குநருக்கென்று பேட்டரி கார் ஒன்று வந்திருந்தது. அதற்குச் சார்ஜ் ஏற்றும் நிலையத்துக்கு இன்னும் திறப்பு விழா நடக்காததால், இலை படம் ஒட்டிய டீசல் ஜீப்பில்தான் அவர் டீசலை ஒழிக்கப் போய்வந்துகொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் இதற்கெல்லாம் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் ரோட்டை விட்டு உள்ளடங்கியிருக்கும் ஓடைமேட்டில், சூரிய மோட்டார் வேண்டும் என்று முதன்முதலில் விண்ணப்பித்தவரே அவர்தான். அந்தப் பக்கம் கழனிக்குக் கரண்டு லைன் வரவில்லை. இருபது வருஷமாக ஆயில் எஞ்சினை ஹேண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றி அவருடைய வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. புகையில் நின்று நின்று காறித் துப்பினால் கறுப்பாக வந்தது. வெயிலே தண்ணீர் இறைத்துத் தரும் என்றால் எந்த மடையன் வேண்டாம் என்பான்?

பேரவையில் ஒரு விதி இருந்தது. புதியது கொடுப்பதற்கு முன்னால் பழையது ஒழிய வேண்டும். எஞ்சினை எப்படி ஒழிப்பது என்று கிளையில் ஒரு குழு உட்கார்ந்து ஆராய்ந்தது. காயலான் கடைக்குப் போட்டால் அவன் உருக்குவான், உருக்கினால் புகை வரும். எரிக்கலாம் என்று ஒருவர் சொல்ல, அதிலும் புகை வருமே என்று இன்னொருவர் கண்டுபிடித்தார். கடைசியில் புதைப்பதுதான் புகையில்லாத வழி என்று தேறியது. பூமியிலிருந்து வந்தது பூமிக்கே போகிறது என்று இளவரசுவுக்கு அதில் ஒரு பேச்சும் கிடைத்துவிட்டது.

செய்தியைக் கொண்டுவந்தவள் கனிமொழி. அண்ணாமலை நகரில் படித்து முடித்துவிட்டு அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சிதம்பரம் வட்டாரத்துக்குக் கிளையின் ஒருங்கிணைப்பாளராக ஸ்கூட்டியில் சுற்றுகிற பெண்.

"எஞ்சின நாங்களே வந்து அடக்கம் பண்ணிடறோங்கய்யா," என்றாள். "சும்மா ஒரு அடையாளத்துக்குத்தான். மறுநாளே சோலார் வந்துடும்."

அடுப்படியிலிருந்த பொன்னுரங்கத்தின் மனைவி சௌந்தரம் எட்டிப் பார்த்தாள். "பொதைக்கிறதுல என்னா அடையாளம் இருக்குது? பொதைச்சா பொதைச்சதுதான்."

பொன்னுரங்கம் யோசித்தார். சம்பாவுக்கு நாற்று விட்டு முளை பச்சை கட்டிக்கொண்டிருந்த நேரம். புரட்டாசி வெயில் மாடு கன்று எல்லாவற்றையும் நிழலுக்கு விரட்டிக்கொண்டிருந்தது. அந்த நாற்றங்கால் கருகினால் அந்த வருஷத்துச் சம்பாவே இல்லை, வேறு விதை நெல்லும் கையில் இல்லை. ஆனாலும் மறுநாளே மோட்டார் வரும் என்கிறார்களே, ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் நாற்று தாங்கும் என்று கணக்குப் போட்டு ஒத்துக்கொண்டார். பேரவையின் மறுநாளும் ஊராரின் மறுநாளும் ஒன்றல்ல என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

அடக்கத்துக்கு இளவரசு ஜீப்பில் வந்து இறங்கினார். பிளெக்ஸ் பேனர், மைக் செட், போட்டோக்காரர் எல்லாம் அவருக்கு முன்பே வந்திருந்தார்கள். அடையாளத்துக்குச் செய்வது எப்படி என்று ஓடைமேட்டுக்காரர்களுக்குத் தெரியாது. சாவு என்றால் அவர்களுக்கு ஒரே முறைதான், அதை முழுசாகச் செய்துதான் பழக்கம். ஆகவே மேளம் வந்தது. எஞ்சினைக் குளிப்பாட்டினார்கள், மாலை போட்டார்கள். இறந்தவருக்கு வாய்க்கட்டுக் கட்ட வேண்டும் என்று சௌந்தரம் பிடிவாதமாக நின்று, எஞ்சினின் சைலன்சர் வாயையும் காற்று போகும் துளையையும் டேங்க் மூடியையும் புதுத் துணியால் இறுக்கிக் கட்டினாள். தன்னுடைய பழைய பட்டுப்புடவை ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினாள். அப்புறம் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழத் தொடங்கினார்கள். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தது அந்த எஞ்சின் இறைத்த தண்ணீரில்தான் என்று சொல்லிச் சொல்லி சௌந்தரம் அழுதாள். அது நடிப்பில்லை. பொன்னுரங்கமும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், திட்டித் திட்டியே கூட இருந்த ஜீவனாயிற்றே.

இளவரசு மைக்கைப் பிடித்தார். "புதைபடிவ எரிபொருள் என்றால் என்ன? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் செத்துப் புதைந்துபோன உயிர்கள். அவற்றைத் தோண்டி எடுத்து எரித்து நாம் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். செத்தவர்களைத் தோண்டி எடுப்பது தமிழர் பண்பாடா? நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை, கடலூர் மாவட்டத்தில் புதைத்த எதுவும் வெளியே வராது என்று உறுதி கூறுகிறேன்."

கைதட்டல் ஓய்ந்ததும் போட்டோக்காரர் அருகே வந்து, பேசுகிற மாதிரி படம் நிறைய இருக்கிறது சார், ஏதாவது செய்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கழனிக்காரரும் பொன்னுரங்கத்துக்கு மைத்துனர் முறையுமான பழனிவேல் தண்ணீர்க் குடத்தோடு வந்து, குடம் யார் தூக்குவது என்று கேட்டார். பொன்னுரங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வருவதற்குள் இளவரசு குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். மூன்று சுற்று சுற்றினார். சுற்றுக்கு ஒரு ஓட்டையாகப் பழனிவேல் குடத்தில் கொத்த, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஊற்றியது. திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தார். போட்டோக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். கூட்டத்தில் மட்டும் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. குடம் உடைப்பவர் யார்? பெற்ற பிள்ளை. இயக்குநர் அந்த நிமிஷத்திலிருந்து ஆயில் எஞ்சினின் மகனாகிவிட்டார், அவருக்குத்தான் அது தெரியவில்லை.

சோலார் தகடுகள் வந்தன. மறுநாள் அல்ல, சில மறுநாட்கள் கழித்து. வரப்போரம் இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பூட்டி, போர் குழாயில் மோட்டாரை இணைத்தார்கள். எல்லாம் பூட்டி முடித்ததும் நீலத் தார்ப்பாய் ஒன்றைப் போட்டு மொத்தத் தகடுகளையும் மூடி, நாலா பக்கமும் இழுத்துக் கட்டி, மேலே ஒரு ரோஸ் ரிப்பனையும் சுற்றினார்கள். தலைமைப் பேரவை உலகம் முழுக்க ஒரே நாளில், ஒரே நொடியில் சூரிய மோட்டார்களைத் திறந்து வைக்கப் போகிறது, அதுவரை யாரும் தொடக்கூடாது என்று கனிமொழி தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனாள்.

தார்ப்பாயின் மேல் வெயில் காய்ந்தது. தார்ப்பாய்க்குக் கீழே சூரிய மோட்டார் இருட்டில் கிடந்தது. பத்தடி தள்ளி நாற்றங்கால் வெடிப்புவிடத் தொடங்கியது.

பொன்னுரங்கம் இரவல் எஞ்சின் கேட்டு அலைந்தார். அடக்கத்தைப் பார்த்ததிலிருந்து ஓடைமேட்டில் எஞ்சின் வைத்திருந்தவர்கள் எல்லாம் உஷாராகியிருந்தார்கள். அவனவன் எஞ்சின் வைக்கோல் போருக்குள்ளும் மாட்டுக் கொட்டகைக்குள்ளும் போயிருந்தது.

"எங்கிட்ட ஏது மச்சான் எஞ்சினு?" என்றார் பழனிவேல். அவருக்குப் பின்னால் வைக்கோல் போரிலிருந்து ஹேண்டில் நீட்டிக்கொண்டிருந்தது. "நீ கேட்டன்னு குடுப்பேன். அவுங்க மோப்பம் புடிச்சி மாலையோட வந்துட்டாங்கன்னா?"

அவரைப் பழி சொல்ல முடியாது. பொன்னுரங்கமும் சௌந்தரமும் விடிகாலையிலும் வெயில் தாழ்ந்தும் குட்டையிலிருந்து குடம் குடமாகத் தூக்கி நாற்றங்காலில் தெளித்தார்கள். பாதி நாற்றுக்குத்தான் எட்டியது. மீதிப் பாதி நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது. ஒரு நாள் சௌந்தரம் குடத்தை வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்துத்தான் பொன்னுரங்கம் கடலூர் பஸ் ஏறினார்.

மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் அவர் போன நேரம் உறுதிமொழி நேரம். இருட்டில் எல்லோரோடும் எழுந்து நின்று, சூரியனைத் தன் உயிராக மதிப்பேன் என்று அவரும் சொன்னார். விளக்கு வந்ததும் இளவரசு அவரை அடையாளம் கண்டு அன்போடு உட்கார வைத்தார்.

"தார்ப்பாய மட்டும் ஒரு மணி நேரம் தூக்கிக்கறனுங்க சார். நாத்துக்கு ஒரு தண்ணி வுட்டுட்டு மறுபடி மூடிடறன். வெயிலு சும்மா போவுதுங்க."

"அதெப்படி பெரியவரே? திறப்பு விழா நடக்காத வரைக்கும் அது மோட்டாரே இல்ல. அது ஒரு திட்டம். திட்டத்துல தண்ணி வருமா?"

திட்டத்தில் தண்ணீர் வராது என்பது பொன்னுரங்கத்துக்கும் தெரிந்ததுதான்.

"வெயில் எங்க போயிடப் போவுது?" என்றார் இளவரசு. "நாளைக்கும் வரும், நாளான்னைக்கும் வரும். தீரவே தீராதது. அதுதானே இந்த ஆற்றலோட சிறப்பே."

"வெயிலு வருங்க சார். நாத்து வராதுங்களே."

இளவரசுவுக்கு மனசு இளகிவிட்டது. எழுந்து வந்து தன் கையாலேயே ஒரு மரக்கன்றை எடுத்துக் கொடுத்தார். தினமும் இரண்டு வேளை தவறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும், எக்காரணத்தைக் கொண்டும் காயவிட்டுவிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். பொன்னுரங்கம் அந்தக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் வரைக்கும் பஸ்ஸில் வந்தார். வீசி எறிய மனசு வரவில்லை. நாற்றங்கால் வரப்பில் நட்டு, தூக்கிவந்த குடத்தில் அதற்கும் ஒரு கை ஊற்றினார்.

இதற்கிடையில், இயக்குநர் குடம் உடைத்த படம் பேப்பரில் வந்துவிட்டது. ஐரோப்பாவில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார்கள் என்று கேள்வி. அண்ணாகிராமத்தில் அதே படத்தை இளவரசுவின் அப்பா முந்திரித் தோப்பில் உட்கார்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் உடனே மகனுக்குப் போன் போட்டாள்.

"உங்கப்பா இதோ என் எதுருக்க ஒக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டு இருக்காரு. நீ யாருக்குடா குடம் ஒடைச்ச?"

அது அடையாளத்துக்கு அம்மா, உலக வெப்பமயமாதல் என்று இளவரசு விளக்க ஆரம்பித்தார். மேடையில் அரை மணி நேரம் எடுபடுகிற விஷயம் போனில் அரை நிமிஷம் தாங்கவில்லை. குடம் உடைத்தவன் பதினாறாம் நாள் கருமாதி செய்து தீட்டுக் கழிக்காமல் வீட்டுப்படி மிதிக்கக் கூடாது என்று அம்மாள் போனை வைத்துவிட்டாள். ஓடைமேட்டிலிருந்தும் அதே செய்திதான் வந்தது. தீட்டோடு இருக்கிறவர் ரிப்பன் வெட்டினால் அந்த மோட்டார் விளங்குமா என்று சௌந்தரம் கேட்டாளாம். இளவரசு யோசித்துப் பார்த்தார். உலகத் திறப்பு விழா நாளும் பதினாறாம் நாளும் ஒன்றாகவே விழுந்திருந்தன. காலையில் கருமாதி, மாலையில் திறப்பு விழா என்று முடிவாயிற்று. அலுவலகக் குறிப்பில் கருமாதிக்கு நிறைவுப் பணிமனை என்று பெயர் கொடுத்தார்கள்.

நிறைவுப் பணிமனை குறைவில்லாமல் நடந்தது. தலையை மழித்தே தீர வேண்டும் என்று பழனிவேல் நிற்க, மாலையில் உலகம் பூரா பார்க்கப் போகிறது என்று இளவரசு கெஞ்ச, கடைசியில் மீசையை மட்டும் மழிப்பது என்று சமாதானம் ஆனது. கழனி மூலையில் எஞ்சின் புதைந்த மேட்டுக்கு முன்னால் இலை விரித்து, இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்தார்கள். அதில் ஒரு கேன் டீசலும் கொஞ்சம் கிரீஸும் இருந்தன. இயக்குநர் அந்தக் கேனைத் தொட்டுக் கும்பிட்டு விழுந்து எழுந்தார். பிறகு வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள்.

பாயசம் ஊற்றுகிற நேரத்தில்தான் கனிமொழி மெல்ல வந்து நின்றாள். "சார், ஐரோப்பாவுல மத்தியானம் மூணு மணின்னா நமக்குச் சாயந்தரம் ஆறரை சார். ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாஞ்சிடுது."

"அதுக்கு?"

"சூரியன் இருக்காது சார்."

இலையில் பாயசம் ஓடியது, இளவரசு அதைத் தடுக்கவில்லை. இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்றார். இரண்டு தடவை எழுதிக் கொடுத்ததாகவும், சூரியன் குறித்த விவகாரம் பரிசீலனையில் உள்ளது என்று அவரே கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்பியதாகவும் கனிமொழி சொன்னாள். இளவரசு ஐரோப்பாவுக்குப் போன் போட்டார். உலகத்துக்கே குறித்த நேரத்தை ஒரு கிராமத்துக்காக மாற்ற முடியாது என்றும், தலைவர் மதிய உணவு முடித்து ஓய்வாக இருப்பது அந்த நேரத்தில்தான் என்றும், மற்ற நாடுகளிலிருந்து சூரியனைப் பற்றி இதுவரை புகார் எதுவும் வரவில்லை என்றும் பணிவாகப் பதில் கிடைத்தது.

தார்ப்பாயைத் திறந்தால் தகட்டில் வெயில் விழ வேண்டும், விழுந்தால்தான் மோட்டார் ஓடும், ஓடினால்தான் தண்ணீர் வரும், வந்தால்தான் வேலை நிலைக்கும். இளவரசு கழனியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். படையல் போட்ட மேட்டருகே வந்து நின்றார். அப்புறம் பொன்னுரங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெரியவரே, அந்த எஞ்சின்..."

பொன்னுரங்கத்துக்கு விஷயம் உடனே புரிந்தது. புரிந்ததும் அவர் பார்வை மேட்டுக்குப் போகவில்லை, நாற்றங்காலுக்குப் போனது. இன்னும் ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் பாதி நாற்றாவது தேறும். தலையாட்டத்தான் போனார். அதற்குள் சௌந்தரம் வந்து குறுக்கே நின்றாள்.

"காலையிலதான் கருமாதி முடிஞ்சிது. சாயந்தரமே எழுப்பணுங்கிறீங்களா தம்பி?"

மேடையும் மைக்கும் இல்லாத இடத்தில், மீசையும் இல்லாமல், இளவரசு பார்க்கச் சின்னப் பையன் மாதிரி இருந்தார். சௌந்தரத்துக்கே பாவமாகிவிட்டது.

"சரி. புள்ளைக்கி உரிமை இருக்குது. மொத மண்ண நீங்கதான் எடுக்கணும். அதுக்கப்பறம் எங்க ஆளுங்க தொடுவாங்க."

புதைத்த எதுவும் வெளியே வராது என்று உறுதி கூறிய அதே இடத்தில் இளவரசு மண்வெட்டி பிடித்தார். நாலு கொத்துக்குள் கை கொப்பளித்தது. மற்றதைப் பழனிவேலும் இன்னும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். பட்டுப்புடவையோடு எஞ்சினைத் தூக்கினார்கள். துணியால் வாய்க்கட்டுக் கட்டியிருந்ததால் ஒரு பொட்டு மண் உள்ளே போகவில்லை. படையலில் இருந்த டீசலை ஊற்றினார்கள். தகடுகளுக்குப் பின்னால் தென்னங்கீற்றில் மறைப்புக் கட்டி, எஞ்சினை அதற்குள் வைத்து, போர் குழாயை அதற்கு மாற்றிப் பூட்டி, தண்ணீர் மட்டும் சூரிய மோட்டாரின் குழாய் வழியாகவே வெளியே வரும்படி செய்தார்கள். பொன்னுரங்கம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். இரண்டு தடவை இருமியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. சௌந்தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இருக்கிற ஒரு கேன் டீசலும் விழாவுக்கு வேண்டுமே என்று உடனே நிறுத்திவிட்டார்கள்.

ஆறரை மணிக்கு ஊரே கூடியிருந்தது. மேற்கே பனைமரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது. பெரிய திரையில் ஐரோப்பாவின் தலைவர் தோன்றி, சூரியன் எல்லோருக்கும் பொது என்றார். அவர் ஜன்னலில் வெயில் அடித்தது. உலகம் முழுக்க ஒரே நொடியில் ரிப்பன்கள் வெட்டுப்பட்டன. இளவரசு கயிற்றை இழுக்க, நீலத் தார்ப்பாய் சரிந்து விழுந்தது. சூரியத் தகடுகள் முதன்முதலாக வெளியுலகத்தைப் பார்த்தன. அங்கே நிலா வந்திருந்தது.

இளவரசு பொத்தானை அழுத்தினார். மறைப்புக்குப் பின்னால் பொன்னுரங்கம் ஹேண்டிலைச் சுற்றினார். காலையில் கருமாதிக்கு வந்த அதே மேளக்காரர்கள் எஞ்சின் சத்தம் கேட்காதபடி ஓங்கி அடித்தார்கள். குழாயிலிருந்து தண்ணீர் குபீரென்று விழுந்தது.

திரையிலிருந்த தலைவர் அசந்துபோனார். கறுப்பாக ஏதோ எழும்புகிறதே என்று கேட்டார். எங்கள் ஊர் வழக்கப்படி சாம்பிராணி போடுகிறோம் என்றார் இளவரசு. மிகவும் ஆழமான பண்பாடு என்று தலைவர் நெஞ்சில் கை வைத்தார்.

பொன்னுரங்கத்துக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. மறைப்பை விட்டு வெளியே ஓடிவந்தவர் புது வேட்டியோடு சேற்றில் இறங்கி, மண்வெட்டியால் மடையைத் திறந்து நாற்றங்காலுக்குத் தண்ணீரைத் திருப்பினார். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்டு அவர் அழுதார். தூய ஆற்றல் பெற்ற விவசாயியின் ஆனந்தக் கண்ணீர் என்று கீழே எழுதி அந்தப் படத்தை உலகம் முழுக்க ஓட்டினார்கள். கண்ணீர் உண்மைதான்.

மறுநாள் காலை பொன்னுரங்கம் கழனிக்கு வந்தபோது ஆள் அரவம் இல்லை. பந்தல், மைக் செட், திரை எல்லாம் விடியும் முன்பே போய்விட்டிருந்தன. போர் குழாயைச் சூரிய மோட்டாருக்கே திருப்பிப் பூட்டினார். கிழக்கே வெயில் எழும்பித் தகடுகளில் விழுந்ததும் பொத்தானை அழுத்திப் பார்த்தார். சத்தம் இல்லை, புகை இல்லை. தண்ணீர் வந்தது. பழக்கத்தில் அவர் வலது தோளைத் தடவிக்கொண்டார், அதற்கு வேலையே இருக்கவில்லை. இத்தனை சுலபமா இது, இத்தனை நாளும் ஒரு தார்ப்பாய்தானா குறுக்கே இருந்தது என்று அவருக்கு ஒரு பக்கம் சந்தோஷமும் ஒரு பக்கம் வயிற்றெரிச்சலுமாக வந்தது. பின்னாலேயே வந்த சௌந்தரம் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

வெயில் ஏறிய பிறகு கனிமொழியின் ஸ்கூட்டி வந்தது. முன்னால் அந்த நீலத் தார்ப்பாயை மடித்து வைத்திருந்தாள். ஓடுகிற தண்ணீரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, தார்ப்பாய் ஞாபகம் வந்ததும் வாடியது. உலகத்திலேயே பொழுது சாய்ந்த பிறகும் ஓடிய ஒரே சூரிய மோட்டார் ஓடைமேட்டு மோட்டார்தானாம். அதை ஆராய ஐரோப்பாவிலிருந்து ஒரு குழு வருகிறதாம். அவர்கள் கையால் இன்னொரு தடவை திறந்து வைக்க வேண்டுமாம். பொங்கலுக்கு முன்போ பின்போ வருவார்கள், இயக்குநருக்குப் பதவி உயர்வும் வரும் போலிருக்கிறது என்றாள்.

"அதுவரைக்கும் மூடி வைக்கச் சொல்லி உத்தரவுங்கய்யா," என்று தார்ப்பாயை நீட்டினாள். "மூடிட்டு ஒரு போட்டோ அனுப்பணும்."

பொன்னுரங்கம் தார்ப்பாயைக் கையில் வாங்கினார். தகடுகளைப் பார்த்தார், தலை நிமிர்த்த ஆரம்பித்திருந்த நாற்றுகளைப் பார்த்தார். பிறகு கீற்று மறைப்புக்குப் பின்னால் போனார். அங்கே ஆயில் எஞ்சின் நேற்று ஓடிய எண்ணெய்ப் பிசுக்கோடு உட்கார்ந்திருந்தது. தார்ப்பாயை உதறி அதன் மேல் போட்டு, நாலா பக்கமும் இழுத்துக் கட்டி, கீழே கிடந்த ரோஸ் ரிப்பனையும் எடுத்துச் சுற்றினார். நிதானமாக, ஒரு முடிச்சு விடாமல் கட்டினார்.

"எடும்மா போட்டோ," என்றார். "மூடியாச்சுன்னு எழுதிக்க."

கனிமொழி அவரைப் பார்த்தாள், நீலத் தார்ப்பாயைப் பார்த்தாள். கேமராவுக்குத் தார்ப்பாய்க்குக் கீழே இருப்பது தெரியப் போவதில்லை. போனை எடுத்துக் கவனமாக ஒரு படம் பிடித்தாள். அனுப்பியும் விட்டாள். மஞ்சக்குப்பத்திலிருந்து மிக்க நன்று என்று பதில் வந்தது.

அவள் ஸ்கூட்டியைக் கிளப்பும்போது சௌந்தரம் கூப்பிட்டாள்.

"உங்க சார்கிட்ட சொல்லு கண்ணு. அவுங்க அப்பா இங்க எங்க நெழல்லதான் இருக்காரு, வேலைக்கி எல்லாம் அனுப்பறது இல்ல, நல்லா ஓய்வா இருக்காருன்னு சொல்லு."

கனிமொழி சிரித்துக்கொண்டே கிளம்பினாள். மடை வழியாக ஓடிய தண்ணீர் நாற்றங்காலை நிறைத்துவிட்டு, வரப்போரத்தில் நின்ற மரக்கன்றின் வேர் வரைக்கும் வந்திருந்தது.